நாற்பத்தேழாம் குழியின் கோதுமை

யின்ஃபெங்குக்குக் காலையில் கண் விழிக்கும் முன்பே முழங்கால் விழித்துக்கொள்ளும். ஐம்பத்து மூன்று வயதில் அது ஒன்றும் அதிசயமில்லை என்று ஊர் வைத்தியர் சொல்லிவிட்டார். அதிசயமில்லாத வலிக்கு மருந்தும் இல்லை போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள். கரியடுப்பைக் கிளறித் தினைக் கஞ்சி வைப்பாள். முந்தின நாள் மாவுருண்டைகளை ஆவியில் சூடு பண்ணி, புருஷன் பாவ்லினின் கட்டிலருகே மூடி வைத்துவிட்டு, மின்சார ஸ்கூட்டரில் ஊருக்கு வடக்கே இருக்கும் மேட்டுக்குப் போய்விடுவாள்.

யாவ்தோ ஊரில் எல்லாப் பெண்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். யின்ஃபெங் பதினொரு வருஷம் தெற்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவினாள். பாவ்லின் மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலையில் இருந்தான். குடைந்த மலையில் பாதி அவன் நெஞ்சுக்குள் தூசியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் மனிதனை வைத்துக்கொண்டு வெளியூரில் என்ன பிழைப்பு? மகன் மெங்கை மட்டும் அங்கேயே பார்சல் கொடுக்கும் வேலையில் விட்டுவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

அந்த வருஷம்தான் மேட்டு வயலில் ஐயாயிரம் வருஷத்துப் பழைய ஊர் ஒன்று கிடப்பதாகச் சொல்லித் தொல்லியல்காரர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். குழி தோண்ட ஆம்பிளைதான் வேண்டும் என்று மேஸ்திரி அடம்பிடித்தார். ஊரில் ஆம்பிளை என்று இருந்தவர்கள் கிழவர்கள், நோயாளிகள், சீட்டாடிகள். பத்து நாள் தேடிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த மேட்டைத் தோண்டியவர்கள் முழுக்க முழுக்க யாவ்தோவின் மனைவிமார்கள்தான்.

முதலில் யின்ஃபெங்கும் கரண்டியை வைத்து மண்ணைச் சுரண்டினாள். முழங்கால் மடங்காமல் போனபின் தண்ணீர் வேலைக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்து மக்கள் அடுப்புச் சாம்பலையும் எச்சிலையும் கொட்டிய குழிகளிலிருந்து மண்ணை மூட்டை கட்டி, சீட்டு எழுதிக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அதைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கையால் மெல்லக் கலக்க வேண்டும். மண் அடியில் போகும். கருகிப்போன தானியம் மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய துணியில் வடித்து, சீட்டோடு முடிச்சுப் போட்டு, கொடியில் காயவிட வேண்டும். மாசி பங்குனிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விரல் ஒவ்வொன்றும் வெடித்து, இரவில் போர்வை நூலெல்லாம் அதில் மாட்டும்.

கிடைப்பது என்னவோ எப்போதும் தினைதான். கொஞ்சம் பனிவரகு, களை விதை, எப்போதாவது மீன் முள், பன்றிப் பல்.

"ஐயாயிரம் வருஷமா இந்த ஊர்ல கஞ்சியைத் தவிர வேற எதுவுமே வேகலையா?" என்று ஒருநாள் அவள் அலுத்துக்கொண்டபோது, அகழாய்வுத் தலைவர் ஹோ வாத்தியார் சிரித்துவிட்டார்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க யின்ஃபெங். பதிலும் கஞ்சிதான்னா என்ன பண்றது?"

ஹோ வாத்தியாருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஒன்பது வருஷமாக இந்த மேட்டோடு கிடந்து, வயிற்றுப் புண்ணையும் ஒரு பாதி எழுதிய புத்தகத்தையும் சம்பாதித்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தங்க முகமூடி, வெண்கலக் குடம் என்று எடுத்துப் பெரிய பதவிக்குப் போய்விட்டார்கள். இவருக்கு வாய்த்தது சாம்பல் குழி. ஆனாலும் மனிதர் கடுகடுத்ததில்லை. யின்ஃபெங்கின் துணி முடிச்சு வந்தால் மட்டும் திருப்பிச் சரிபார்க்க மாட்டார். "அந்தக் கை வழியா வந்ததை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்பார். செருப்புத் தொழிற்சாலையில் பதினொரு வருஷத்தில் ஒருவரும் அவளைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

முடிச்சுகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது நிங் என்ற பெண். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், இருபத்தாறு வயது, பேசாமல் இருக்கத் தெரியாதவள். தோண்டி எடுத்த எலும்புக்கூடுகளைப் பெட்டியில் அடுக்கும்போது பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"இந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும் அத்தை. பல்லெல்லாம் சொத்தை பாருங்க. முட்டியில எலும்பு வளர்ந்திருக்கு, அரைக்கிற கல்லு முன்னாடி மண்டி போட்டே காலம் போயிருக்கு. எலும்பைச் சோதிச்சா முழுக்கத் தினைதான். பக்கத்துக் குழி ஆம்பிளைக்குப் பன்னிக்கறி கிடைச்சிருக்கு."

யின்ஃபெங்கோடு தண்ணீர் வேலை பார்க்கும் ஷியூஜி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே, ஐயாயிரம் வருஷமா இவனுங்க திருந்தவே இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யின்ஃபெங்கும் சிரித்தாள், முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

இந்த வருஷமும் நிலாக் கணக்கில் இரண்டாம் மாதத்து இரண்டாம் நாள் வந்தது. பூமிக்கடியில் தூங்கும் நாகம் தலை தூக்கும் நாள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மண்ணில் வறுத்த பண்டம் இருக்க வேண்டும். ஊருக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் மண் சரிவில் சுத்தமான மண்ணைச் சுரண்டி, மாவாக இடித்துச் சலித்து, இரும்புச் சட்டியில் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி, அதில் மாவுத் துண்டுகளையும் சோயாவையும் கோதுமையையும் போட்டு வறுப்பார்கள். மணலில் பொரி வறுப்பது போலத்தான். அந்த மண்ணில் வறுத்ததைத் தின்றால் வருஷம் முழுக்க வயிற்று நோய் அண்டாது என்று பேர்.

யின்ஃபெங்குக்கு இருந்த களைப்பில் நாகம் தலை தூக்கினாலும் சரி, வால் தூக்கினாலும் சரிதான். ஆனால் பாவ்லின் நான்கு நாளாக அதே பேச்சு.

"மண்ணு வறுவல் போட மாட்டியா? போன வருஷமும் போடல."

"போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தீங்க, மெங் அப்பா. அங்க யாரு சட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா?"

"அடுத்த வருஷம் நான் இருக்கேனோ இல்லியோ."

இந்த ஓர் அஸ்திரத்தை வைத்தே அவன் ஆறு வருஷமாக எல்லாக் காரியத்தையும் சாதித்துவந்தான். அவளுக்கு எரிச்சலும் வந்தது, பயமும் வந்தது. எரிச்சல் வெளியே தெரிந்தது.

மண்ணுக்கு எங்கே போவது? மூன்று நாள் மழையில் சரிவு முழுக்கச் சேறு. ஈர மண் வறுவலுக்கு ஆகாது. சாயங்காலம் வேலை முடிந்து கொட்டகையைப் பூட்டும்போது அவள் கண் மூட்டைகள் மேல் போனது. நாற்பத்தேழாம் குழி, மூன்றாம் அடுக்கு. பத்து நாளாகக் காய்ந்து, விரலிடுக்கில் பவுடர்போல ஓடும் மண். கல் இல்லை, பூச்சிமருந்து இல்லை, உரம் இல்லை. ஐயாயிரம் வருஷமாக யார் காலும் படாத மண்ணைவிடச் சுத்தமான மண் எங்கே கிடைக்கும்? காலையில் திருப்பி வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளுக்குக் களவு என்ற நினைப்பே வரவில்லை. பக்கத்து வீட்டில் சட்டி கேட்டு வாங்குவது போலத்தான் அந்த மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனாள்.

வறுவல் நன்றாகவே வந்தது. மாவுத் துண்டுகள் வெள்ளையாகப் பொங்கின. துளைக்கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பாவ்லினுக்கு இருமல் பிடித்தது. உதடு நீலம் பாய்ந்தது. அவள் ஓடிப் போய் நிமிர்த்தி உட்காரவைத்து, மூச்சுக் கருவியை மூக்கில் மாட்டி, முதுகைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டாள். சட்டி கரியடுப்பின் மேலேயே இருந்தது. திரும்பி வந்து ஆறிய மண்ணை மூட்டையில் கொட்டிச் சீட்டை ஒழுங்காகக் கட்டினாள். சலிக்கத் தோன்றவில்லை. மறுநாள் காலை மூட்டையை அது இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மூன்று நாள் விடுப்பு சொல்லிப் பாவ்லினை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவள் இல்லாத நாட்களில் அந்த மூட்டையைக் கழுவியது ஷியூஜி.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, நிங் கொட்டகையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் குழிகளிலிருந்து ஏறி வந்தார்கள்.

"கோதுமை! வாத்தியார், கோதுமை! பதினோரு தானிய மணி! நாற்பத்தேழாம் குழி!"

ஹோ வாத்தியார் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. கோதுமை இந்த நாட்டுத் தானியமே அல்ல. மேற்கே பாலைவனங்களைத் தாண்டி வந்தது. அது வந்துசேர்ந்ததாக எல்லோரும் நம்புகிற காலத்துக்கு ஆயிரம் வருஷம் முந்தின குழி அது. தினையையே தின்றுகொண்டிருந்த ஜனங்களின் சாம்பலில் பதினோரு கோதுமை!

"கொஞ்சம் பெரிசா இருக்கு வாத்தியார். பழைய கோதுமை சின்னதா இருக்கும்," என்றாள் நிங்.

"இருக்கட்டும்மா. நிலம் நல்ல நிலம்," என்றார் அவர்.

மேட்டு வேலை அந்த மாதக் கடைசியோடு மூடுவதாக இருந்தது. கிடைக்க வேண்டியது கிடைத்தாயிற்று, இனி அங்கே கிடங்கு கட்டலாம் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. இப்போது எல்லாம் தலைகீழாக மாறியது. ஹோ வாத்தியார் தொலைபேசியில் பேசினார். இன்னும் மூன்று வருஷம் தோண்டலாம் என்று வாய்மொழி உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகளும் தொலைக்காட்சிக்காரர்களும் வருவதாக ஏற்பாடு. வாத்தியார் தன் கைக்காசில் எல்லோருக்கும் ஆட்டுக்கறி சூப் வரவழைத்தார். முப்பத்தெட்டுப் பெண்கள், மூன்று வருஷ வேலை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரை வாழ்த்தினார்கள்.

யின்ஃபெங் மட்டும் தன் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டாள். நாற்பத்தேழு, மூன்று. அந்தச் சீட்டை அவள்தான் தன் கையால் மறுபடி கட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷியூஜி ஸ்கூட்டரை அவளோடு ஒட்டி ஓட்டிவந்தாள்.

"அண்ணி, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க? செத்த வீட்டுக்குப் போறவ மாதிரி."

"ஷியூஜி... அந்த மூட்டை..."

"தெரியும்."

யின்ஃபெங் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள்.

"தண்ணியில கொட்டினதும் மாவுத் துண்டு ஒண்ணு மிதந்து வருது. கூடவே நாலு சோயா. எனக்குத் தெரியாதா நம்ம வறுவல்? எவளோ ஒருத்தி வேலையைக் காட்டியிருக்கான்னு எடுத்துத் தூர எறிஞ்சேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் உங்க வீட்டுக்காரர் வாசல்ல உட்கார்ந்து வறுவல் கொறிச்சுக்கிட்டு, 'மண்ணு ஐயாயிரம் வருஷத்துது'ன்னு என்கிட்டப் பெருமையடிச்சாரு. அப்புறம் தெரியாம என்ன? கோதுமை மட்டும் என் கண்ணுக்குத் தப்பிருச்சு. தப்பினதும் நல்லதுக்குத்தான்."

"நல்லதா? பொய்யில்லையா அது?"

"யாருக்குப் பொய்? செத்தவங்களுக்கா? அவங்க தினை தின்னாங்களா கோதுமை தின்னாங்களான்னு இப்ப யாருக்கு என்ன வந்துச்சு? என் பொண்ணு படிக்கணும், உங்க வீட்டுக்காரர் மூச்சு விடணும். நுணலும் தன் வாயால கெடும்பாங்க. நீ கத்தாம இரு, அது போதும்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. யின்ஃபெங் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. தொட்டியில் கை கலக்கிக்கொண்டே இருந்தது, மனசும்தான். முப்பத்தெட்டு அடுப்பு. அதில் ஒன்று அவளுடையது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பவும் தொடங்கியிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நிங் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் மூன்று கோதுமை மணிகளைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க போகுது?" என்று யின்ஃபெங் கேட்டாள்.

"தலைநகருக்கு, அத்தை. அங்க ஒரு எந்திரம் இருக்கு. மணியை எரிச்சுப் பார்த்து அது எந்த வருஷம் விளைஞ்சதுன்னு சொல்லிரும். மண்ணு பொய் சொல்லலாம், மணி பொய் சொல்லாது. ரெண்டு மாசத்துல ரிசல்ட் வந்துரும்."

"அதுக்குள்ள டிவில எல்லாம் வந்திருமே?"

"நாளைக்கே வந்திரும்! ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். வாத்தியாருக்குப் பொறுமை இல்லை. பாவம், ஒன்பது வருஷம் பொறுத்தாச்சே."

யின்ஃபெங் ஈரக் கையோடு அங்கேயே நின்றாள். இரண்டு மாதத்தில் அந்த எந்திரம் 'போன வருஷத்துக் கோதுமை' என்று சொல்லும். அதற்குள் ஹோ வாத்தியாரின் முகம் நாடு முழுக்கப் போயிருக்கும். பன்றிப் பல்லுக்கும் கோழி முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன்கூட அவரைப் பார்த்துச் சிரிப்பான். அவள் கையால் வந்ததை அவர் சரிபார்ப்பதில்லை. அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். நிங்கும் பின்னாலேயே வந்தாள். வாத்தியார் நாளைய நிகழ்ச்சிக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியார், அந்தக் கோதுமை என் வீட்டுக் கோதுமை," என்றாள். அதற்கு மேல் நாசூக்காகச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. மழை, சேறு, மூட்டை, சட்டி, இருமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஷியூஜி பேரை மட்டும் சொல்லவில்லை.

வாத்தியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், கோபப்பட்டிருந்தால் தேவலாம். அவர் பாதி தேய்த்த சட்டையை மடியில் போட்டு மடித்தார். ஒரே வாரத்தில் இருபது வயது குறைந்திருந்த மனிதருக்கு அந்த இருபதும் வட்டியோடு திரும்பி வந்தது.

"நாகம் தலை தூக்குற நாளா?" என்றார்.

"ஆமா."

"நானும் சின்ன வயசுல தின்னிருக்கேன்." அப்புறம் தொலைபேசியை எடுத்து, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி இல்லை, கோதுமையும் இல்லை என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்தார். மறுமுனையில் கத்துவது யின்ஃபெங்குக்குக் கேட்டது.

"நிங், பதிவேட்டை எடும்மா. மூட்டை கெட்டது எப்படின்னு முழுசா எழுதணும். இல்லாட்டி நாளைக்கு எவனாவது இதை எடுத்துவச்சுக்கிட்டு இன்னொரு கதை கட்டுவான். சொல்லுங்க யின்ஃபெங், என்னென்ன வறுத்தீங்க?"

"கோதுமை மாவுத் துண்டு. சோயா. ரெண்டு கை கோதுமை."

"எவ்வளவு நேரம்?"

"மாவு பொங்குற வரைக்கும். அப்புறம் சட்டி அடுப்பு மேலேயே கிடந்துச்சு. தணல் அவியற வரைக்கும்."

"யாரெல்லாம் சாப்பிட்டீங்க?"

நிங் எழுதுகோலை நிறுத்தி நிமிர்ந்தாள். யின்ஃபெங்குக்குச் சுருக்கென்றது.

"அதையுமா எழுதணும்?"

"எழுதணும். எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் மண்ணுல எவ்வளவு தங்கியிருக்கும்னு கணக்குத் தெரியும். யாரு என்ன சாப்பிட்டீங்க?"

"அப்ப எழுதிக்கோங்க," என்றாள் யின்ஃபெங். அவள் குரல் தடித்தது. "மாவுத் துண்டு அவருக்கு, பல்லுக்கு மெத்துனு இருக்கும். சோயா பாதி மச்சினர் வீட்டுக்கு, பாதி ஆஸ்பத்திரியில நர்சுக்கு. கோதுமையில நல்லதெல்லாம் மெங்குக்குப் பார்சல் கட்டியாச்சு. உடைஞ்சது, கருகினது எனக்கு."

"அது எவ்வளவு இருக்கும்?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். சட்டியைக் கழுவும்போது ஒட்டியிருந்ததை வாயில் போட்டுக்கொண்டது நினைவிருந்தது. எத்தனை மணி என்று எண்ணியதில்லை.

"தெரியல வாத்தியார். நான் தின்னதை நான் பார்க்கல."

'தெரியவில்லை' என்று நிங் எழுதினாள். யின்ஃபெங் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேட்டு வேலை மூடப்போகும் மாதக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. நீங்கள் வர வேண்டாம் என்று வாத்தியார் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அந்தக் கொட்டகையில் இனி நிற்க முகமில்லை. வெளியே வந்தபோது விஷயம் அதற்குள் குழிக்குக் குழி பரவியிருந்தது. பெண்கள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போவதைப் பார்த்தார்கள். ஷியூஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர் எல்லையில் மளிகைக் கடைக்காரர் வழக்கம்போலக் கை தூக்கி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். இந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் எல்லோரையும் கேட்பது. பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. ஊரில் இருந்த காலமெல்லாம் அவளும் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே கடந்து போயிருக்கிறாள். இன்றைக்கு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, கைப்பிடியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வேலை போனதற்காக அழுகிறாள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அதுவும்தான். ஆனால் நீ என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒரு மனிதர் நிறுத்தி நிதானமாகக் கேட்டிருக்கிறார், அதுவும் பதிவேட்டுக்காக, அவளிடமோ அதற்குப் பதில் இல்லை.